மாசியில் தெரியும்: மான்ட்ரியலில் எந்தப் பேட்டையில் வீடு எடுப்பது?

ஜூலை முதல் தேதி கனடா தினம். நாடு முழுக்கக் கொடி பறக்கும். மான்ட்ரியலில் சோபா பறக்கும். இரண்டாவது மாடிப் பால்கனியிலிருந்து கயிறு கட்டி ஃபிரிட்ஜை இறக்கிக்கொண்டிருப்பார்கள். கீழே நாலு பேர் பிரெஞ்சில் கத்திக்கொண்டிருப்பார்கள். கியூபெக் மாகாணத்தில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30-ல் முடிந்து மறுநாள் புதிதாகத் தொடங்குகின்றன. முன்பு இது மே 1 ஆக இருந்தது. பள்ளி நடக்கும்போது பிள்ளைகள் அல்லாட வேண்டாம் என்று 1970களில் ஜூலைக்குத் தள்ளினார்கள். அன்று நடைபாதையெங்கும் மேஜை, நாற்காலி, அலமாரி என்று விட்டுவிட்டுப் போவார்கள். எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். மெத்தையை மட்டும் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி.

நாங்களும் ஒரு ஜூனில்தான் வந்து இறங்கினோம். கணவர், நான், ஐந்து வயது மகள், நான்கு பெட்டி. ஜூனில் இந்த ஊரைப் பார்க்கிறவர்களுக்கு எந்த வீடும் பிடித்துப்போகும். ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். மரமெல்லாம் பச்சை. இருபது நிமிட நடை என்றால் அது உலாத்தல்.

அரிசி, பருப்பு வாங்கப் போன ஈழத்துக் கடையில், கல்லாவில் இருந்த ஐயா "எங்க வீடு பாக்கிறியள்?" என்று கேட்டார். சொன்னோம். "மெட்ரோவில இருந்து எவ்வளவு தூரம்?" இருபது நிமிடம் என்றேன். சிரித்தார். "இப்ப நல்லாத்தான் இருக்கும் பிள்ளை. மாசியில தெரியும்."

பிப்ரவரியைத்தான் சொன்னார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்பதையே தை, மாசி, பங்குனி என்று சொல்லிவிடுவது ஈழத்து வழக்கம். நமக்கு மாசி என்றால் மாசி மகம், கடலாட்டு, இதமான வெயில். இங்கே மாசி என்றால் மைனஸ் இருபது, மூக்குக்குள் உறையும் மூச்சு, உருகி மறுபடி இறுகிக் கண்ணாடியாகிவிட்ட நடைபாதை. ஐயா சொன்னதைக் கேட்காமல் அந்த வீட்டையே எடுத்தோம். பிறகு இரண்டு முறை மாறினோம். பார்க் எக்ஸ்டென்ஷன், கோத்-தெ-நேஜ், இப்போது வில்ரே. மூன்றும் மெட்ரோவின் நீல வழித்தடத்தை ஒட்டியவை. மூன்றிலும் மாசியைப் பார்த்தவள் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் வீடு எடுக்கும் விதிகள் கொஞ்சம். எந்தப் பேட்டைக்குப் போனாலும் இவை மாறா.

விளம்பரத்தில் 3½, 4½ என்று போட்டிருக்கும். அறைகளின் எண்ணிக்கை அது. குளியலறைதான் அந்த அரை. 3½ என்றால் கூடம், சமையலறை, ஒரு படுக்கையறை. 4½ என்றால் படுக்கையறை இரண்டு. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கொடுத்துப் பழகிய நமக்கு, இங்கே அட்வான்ஸ் வாங்குவதே சட்டப்படி கூடாது என்பது உடனே மண்டையில் ஏறாது. முதல் மாத வாடகையை முன்கூட்டிக் கேட்கலாம், அவ்வளவுதான். எங்கள் முதல் வீட்டுக்காரர் இரண்டு மாத வாடகையைப் 'பாதுகாப்புக்கு' என்று கேட்டார். இரண்டுதானே என்று சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தோம். விவரம் தெரிந்து திரும்பக் கேட்டபோது, சாவி ஒன்று தொலைந்தது, சுவரில் ஆணி அடித்தது என்று கணக்குப் போட்டார். ஒப்பந்தப் படிவத்தில் ஜி என்றொரு பகுதி உண்டு. அதற்கு முந்தைய 12 மாதங்களில் அந்த வீட்டுக்கு வாங்கிய மிகக் குறைந்த வாடகை எவ்வளவு என்று வீட்டுக்காரர் அதில் எழுத வேண்டும். வெற்றாக விட்டிருந்தால் கேளுங்கள். முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான். வாடகைத் தகராறுகளுக்கென்றே தனித் தீர்ப்பாயம் இருக்கிறது.

இன்னொன்று. 12 மாத ஒப்பந்தத்தில் வாடகையை உயர்த்த நினைக்கும் வீட்டுக்காரர், முடிவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் முன்னால் கடிதம் கொடுத்தாக வேண்டும். இருப்பவர் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆக, ஜூலையில் காலியாகும் வீடுகள் பிப்ரவரி, மார்ச்சிலேயே விளம்பரத்துக்கு வந்துவிடும். ஆகஸ்டில் கல்லூரிக்கு வந்து இறங்கும் மாணவர்களுக்கு மிஞ்சுவது யாரும் சீந்தாத வீடு. மாசியில் தேடுவது இரட்டை லாபம்: தேர்ந்தெடுக்க நிறைய வீடு இருக்கும், வீட்டின் உண்மை முகமும் தெரியும். ஜன்னலோரம் கையை வைத்தாலே காற்று எவ்வளவு புகுகிறது என்று தெரிந்துவிடும்.

பார்க் எக்ஸ்டென்ஷன்

ஊர்க்காரர்கள் சுருக்கமாக பார்க் எக்ஸ் என்பார்கள். ஒரு காலத்தில் கிரேக்கர்களின் பேட்டை. இன்றும் கிரேக்கத் தேவாலயங்களும் பலகாரக் கடைகளும் இருக்கின்றன. அவர்களில் பலர் பக்கத்து நகரமான லவாலுக்கும் புறநகருக்கும் நகர, பஞ்சாபிகளும் வங்காளிகளும் பாகிஸ்தானியரும் ஈழத்தமிழரும் வந்தார்கள். ஜான் தாலோன் வீதியின் மேற்குப் பக்கம் நடந்தால் ஜிலேபி மணமும் குருத்வாராவிலிருந்து திரும்பும் குடும்பங்களும் எதிரே வரும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியாப்ப மாவு எல்லாம் கால் நடையில். துர்க்கை அம்மன் கோயில் அதே வீதியில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கோபுரம் எதுவும் தெரியாது. உள்ளே போனால் மேளம்.

வந்த முதல் வருடத்துக்கு இது தாய்வீடு மாதிரி. வங்கிக் கணக்கு எங்கே தொடங்குவது, எந்தக் கடையில் பனிச்சப்பாத்து மலிவு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எங்கே ஓடுவது என்பதையெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவே சொல்லிவிடுவார். கேட்காமலும் சொல்வார். மெட்ரோ நிலையங்கள் இரண்டு, அக்காதீ, பார்க். பேட்டை சின்னது என்பதால் பெரும்பாலான வீடுகள் ஏதாவது ஒன்றுக்குப் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். எங்கள் முதல் வீடு அதற்கு விதிவிலக்காக வடகோடியில் இருந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வீடுகள் பழையவை, பராமரிப்பு மோசம். பலவற்றில் ஈரம், பூஞ்சை, கரப்பான். எங்களுடையது அரைநிலவறை, மார்ச்சில் பனி உருகியபோது சுவர் வியர்த்தது. ஊரிலேயே மலிவு என்ற பழைய பெயரும் இப்போது முழுக்க உண்மை இல்லை. பேட்டையின் தெற்கு விளிம்பில், பழைய ரயில் யார்டு இருந்த இடத்தில் மான்ட்ரியல் பல்கலைக்கழகம் 2019-ல் புதிய வளாகம் திறந்தது. அதன்பின் மாணவர்களைக் குறிவைத்து வீடுகளைப் புதுப்பித்து வாடகையை ஏற்றுகிறார்கள். பல வருடம் குடியிருந்த குடும்பங்களைக் காலி செய்ய வைப்பதை எதிர்த்து இங்கே போராட்டங்கள் நடந்திருக்கின்றன.

இன்னொரு காட்சி. மேற்கு எல்லையில் லக்காதீ பெருஞ்சாலை. அதன் அந்தப் பக்கம் மவுன்ட் ராயல் டவுன் என்ற பணக்காரத் தனி நகராட்சி. இரண்டுக்கும் நடுவே 1960-ல் போட்ட வேலி இன்னும் நிற்கிறது. சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. ஹாலோவீன் இரவில் பார்க் எக்ஸ் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வந்துவிடக் கூடாது என்று அவற்றைப் பூட்டியது பெரிய சர்ச்சையானது. குழந்தைகள் கூடைப்பந்து ஆடும் தெருமுனையிலிருந்து அந்தப் பக்கத்துப் புல்வெளி தெரியும்.

மொழி விஷயத்தில் இந்தப் பேட்டை ஒரு மெத்தை. தமிழ், இந்தி, கொஞ்சம் ஆங்கிலம் போதும், காலம் ஓடிவிடும். பதினைந்து வருடமாக இங்கே இருந்தும் பிரெஞ்சில் பத்து வாக்கியம் பேசத் தெரியாதவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை. இரண்டு வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். ஆனால் இன்று வருகிற உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோத்-தெ-நேஜ்

பெயருக்குப் பொருளே பனிச் சரிவு. மலையின் வடமேற்குச் சரிவில் இருக்கிற பேட்டை, மாசியில் பெயரைக் காப்பாற்றும்.

உடம்புக்கு முடியாதவர்களோ கைக்குழந்தையோ வீட்டில் இருந்தால் வேறு இடத்தையே பார்க்காதீர்கள். யூதப் பொது மருத்துவமனை, செயின்ட் மேரீஸ், குழந்தைகளுக்கான சேந்த்-ஜுஸ்தீன் மூன்றும் இங்கேதான். மகளுக்கு நடுராத்திரி மூச்சுத் திணறியபோது பத்து நிமிடத்தில் வாசலில் இருந்தோம். உள்ளே காத்திருந்தது ஏழு மணி நேரம் என்பது வேறு கதை. அது கியூபெக் முழுக்கப் பொதுச்சொத்து.

போக்குவரத்திலும் இதுதான் முன்னணி. நீலத் தடம், செம்மஞ்சள் தடம் இரண்டும் பேட்டைக்குள் ஓடுகின்றன. ஸ்னோடன் நிலையத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். நீலத் தடத்துக்கு ஒரு பிறவிக் குறை உண்டு: அது நகர மையத்துக்குப் போகாது. மலைக்குப் பின்னாலேயே கிழக்கும் மேற்குமாக ஓடும். அந்தக் குறையை 2025 நவம்பரில் எதுவார்-மோன்பெத்தி நிலையத்துக்கு வந்த ரெம் ரயில் ஓரளவு தீர்த்துவிட்டது. நிலத்துக்கு அடியில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் நடைமேடை. மலையைக் குடைந்து 1918-ல் திறந்த பழைய சுரங்கம் வழியாகச் சில நிமிடங்களில் நகர மையத்து மக்கில் நிலையம். அங்கிருந்து 'பாதாள நகரம்' என்று எல்லாரும் சொல்லும் நடைவழிகள். 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்த வழிகளில் கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் அலுவலகம் போய்விடலாம்.

வீடுகள் பெரும்பாலும் செங்கல் அடுக்ககங்கள். வாசலில் 'ஷோஃபே' என்று எழுதியிருந்தால் சூடேற்றும் செலவு வாடகைக்குள் அடக்கம். இந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மாசியில் வரும் மின்கட்டணத்தை அது யார் தலையில் போடுகிறது என்பதை வைத்துத்தான் இரண்டு வாடகைகளை ஒப்பிட முடியும். இதன் மறுபக்கம், சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் காவலாளியின் கையில். எங்கள் கட்டடத்தில் ஜனவரியில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கினோம், அவ்வளவு சூடு.

பிலிப்பினோக்கள், கரீபியர், வடஆப்பிரிக்கர், யூதர், ஈழத்தமிழர், இங்கேயே இருக்கும் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்து மாணவர் எல்லாரும் கலந்த கூட்டம். யாரும் பெரும்பான்மை இல்லாததால் யாரும் அந்நியரும் இல்லை. விக்டோரியா அவென்யூவில் மரவள்ளிக் கிழங்கும் கிடைக்கும், பிலிப்பினோ ரொட்டியும் கிடைக்கும். ஆங்கிலம் தாராளமாகச் செல்லும். பேட்டையின் பொது நூலகத்துக்கே 'பல்பண்பாட்டு நூலகம்' என்றுதான் பெயர்.

பார்க்கத்தக்க இடம் என்றால் செயின்ட் ஜோசப் ஆலயம். மடத்து வாசல்காப்பாளராக இருந்த பிரதர் ஆந்த்ரே தொடங்கியது. அவருக்கு 2010-ல் புனிதர் பட்டம் கிடைத்தது. ஏறிப் போக 283 படிகள். நடுவில் 99 மரப்படிகள் முழங்காலால் ஏறுகிறவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்குப் பழனிதான் ஞாபகம் வந்தது. அங்கே பாதுகாக்கப்படும் ஆந்த்ரேயின் இதயத்தை 1973-ல் யாரோ திருடிவிட்டார்கள், அடுத்த வருடம் திரும்பக் கிடைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் மவுன்ட் ராயல் பூங்கா. 1876-ல் திறந்தது, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட் வரைந்தது. ஊருக்கே பெயர் தந்த மலை வெறும் 233 மீட்டர்தான். திருவண்ணாமலையைப் பார்த்த கண்ணுக்கு அது குன்று. இருந்தாலும் மேலேயிருந்து ஆற்றையும் கட்டடங்களையும் பார்த்தபின் அப்படிச் சொல்ல மனம் வராது.

பிறகு ஏன் அங்கிருந்து கிளம்பினோம்? சரிவுதான் ஒரு காரணம். உறைந்த ஏற்றத்தில் தள்ளுவண்டியைத் தள்ளிப் பாருங்கள். இன்னொரு காரணம் பிரெஞ்சு.

வில்ரே

வில்ரேயைத் தமிழர்கள் யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். தமிழ்க் கடை இல்லை, கோயில் இல்லை, காலையில் பக்கத்து வீட்டிலிருந்து வருவது பிரெஞ்சு வானொலி. எனக்கு வீடு பார்த்துத் தந்த தோழி "அங்க போய் என்ன பண்ணப் போறே?" என்றே கேட்டாள். பார்க் எக்ஸுக்கும் வில்ரேக்கும் நடுவில் இருப்பது ஒரு ரயில் பாதையும் ஜாரி பூங்காவும்தான். நடந்தே போய்க் கறிவேப்பிலை வாங்கி வந்துவிடலாம். வரைபடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தபின்தான் இது எங்களுக்கே உறைத்தது.

அந்தப் பூங்காவைப் பற்றிக் கொஞ்சம். மான்ட்ரியல் எக்ஸ்போஸ் பேஸ்பால் அணி 1969 முதல் 1976 வரை ஆடிய இடம். 1984-ல் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே பெருங்கூட்டத்துக்குத் திருப்பலி நடத்தினார். இப்போது ஆகஸ்டில் உலகத் தரத்துக்கு டென்னிஸ் போட்டி, மற்ற மாதங்களில் நீச்சல் குளம், குளத்தோர வாத்து, ஞாயிற்றுக்கிழமைப் புல்வெளிச் சோறு. மேற்குப் பக்கம் சுடிதார்கள், கிழக்குப் பக்கம் வைன் குப்பிகள். நடுவில் பந்து உருண்டால் இரண்டு பக்கப் பிள்ளைகளும் பிரெஞ்சில்தான் சண்டை போடுவார்கள்.

ஜான் தாலோன் சந்தை 1933-லிருந்து நடக்கிறது. பேட்டையின் தென்முனையில், இத்தாலியப் பேட்டைக்குள் இருக்கிறது. செப்டம்பரில் போனால் தக்காளியும் மக்காச்சோளமும் கூடை கூடையாக. அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் ஊர்த் தக்காளிக்கு ஏங்க மாட்டீர்கள். வருடம் முழுக்கத் திறந்திருக்கும். குளிர்காலத்தில் சுவர் வைத்து மூடிவிடுவார்கள். மார்ச்சில் மேப்பிள் பாகு புதிதாக வரும். தோசைக்கு ஊற்றித் தின்னும் என் மகளை ஊரில் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

மெட்ரோ: ஜாரி, ஜான் தாலோன், தெ காஸ்தெல்னோ. ஜான் தாலோனில் நீலமும் செம்மஞ்சளும் சந்திக்கின்றன. ஒரே ரயிலில் பெரி-யூகாம் போய் இறங்கினால், நிலையத்திலிருந்து அப்படியே 2005-ல் திறந்த கிராந்த் பிப்லியோத்தேக் என்னும் பெரிய நூலகத்துக்குள் நுழையலாம். கியூபெக்கில் குடியிருப்பவர்களுக்கு அட்டை இலவசம். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். மாசியில் அதைவிடச் சுகமான இடம் எனக்குத் தெரியாது. மாதத்தின் முதல் ஞாயிறு கியூபெக்வாசிகளுக்குப் பல அருங்காட்சியகங்களும் இலவசம். நீங்கள் எந்தப் பேட்டையில் இருந்தாலும் இது உண்டு, ஆனால் ஒரே ரயிலில் போகலாம் என்றால்தான் போவோம்.

வில்ரேயில் மாசி காட்டும் முகம் படிக்கட்டு. இங்கே வீடுகள் மூன்றடுக்கு, வெளிப்பக்கம் வளைந்தேறும் இரும்புப் படி. சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுப்பார்கள். உள்ளே இடம் மிச்சப்படட்டும் என்று வெளியே வைத்தது; பனி பெய்தால் வாரித் தள்ளுவது பெரும்பாலும் குடியிருப்பவர் பொறுப்பு. காலையில் உப்பு, மண்வெட்டி, பிறகுதான் காபி. சூடேற்றும் செலவும் நம் தலையில். ஹைட்ரோ-கியூபெக்கில் வருடக் கட்டணத்தைச் சமமாகப் பிரித்து மாதாமாதம் கட்டும் ஏற்பாடு இருக்கிறது, முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள். வயதான மாமனார் மாமியார் வந்து தங்குவார்கள் என்றால் தரைத்தளம் மட்டும் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் கோத்-தெ-நேஜின் லிஃப்ட் வைத்த கட்டடமே சரி. வாடகையும் இப்போது பார்க் எக்ஸைவிடக் கூடுதல்.

இருந்தும் எங்களுக்கு இதுவே வாய்த்தது. முனையில் ஒரு தெப்பானர். பால், ரொட்டி, பீர் விற்கும் மூலைக்கடைக்கு இங்கே அதுதான் பெயர். நகர மையத்தில் 'போன்ஜூர்-ஹாய்' என்று இரட்டை வணக்கம் வைப்பார்கள். இங்கே வெறும் போன்ஜூர். முதல் வாரம் தடுமாறினேன். மூன்றாம் மாதம் கடைக்காரம்மா வானிலையைப் பற்றிப் புலம்ப, நானும் புலம்பினேன். இந்த ஊரில் மொழி வந்துவிட்டதற்கு அத்தாட்சி அதுதான். நன்றி சொன்னால் பதிலுக்கு 'பியான்வெனு' என்பார்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டு வந்த நண்பர் ஒருவர், தன்னை ஏன் எல்லாரும் வரவேற்கிறார்கள் என்று முதலில் குழம்பினார். முன்பின் தெரியாதவர்கூடச் சட்டென்று 'தூ' போட்டுப் பேசிவிடுவார், அதாவது நீ. 'நீங்க' போட்டு வளர்ந்த காதுக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். மரியாதைக் குறைவு இல்லை, ஊர்ப்பழக்கம். மத்தியானச் சாப்பாடு இங்கே 'தினே', ராத்திரிச் சாப்பாடு 'சூப்பே'. பாரிசில் 'தினே' என்றால் ராத்திரிச் சாப்பாடு, அந்தக் கணக்கில் போனால் ஒரு வேளை பட்டினி.

தடத்துக்கு வெளியே

டொலார்-தெ-ஓர்மோ, சுருக்கமாக டிடிஓ. மான்ட்ரியல் தீவின் மேற்குப் பக்கம். தோட்டத்தோடு தனிவீடு, கார் நிறுத்த இடம், ஆங்கிலம், கூடவே திருமுருகன் கோயில். வந்து பத்து வருடமான ஈழத்துக் குடும்பங்களின் கனவு அது. கார் இல்லாமல் அங்கே குடியேறுவதை மட்டும் நான் யோசிக்கவே மாட்டேன். கோயிலுக்கு மாதம் ஒருமுறை போய்வரலாம், தினமும் வேலைக்குப் போய்வருவது வேறு. லவால் பக்கம் 2007-லிருந்து மெட்ரோ மூன்று நிலையங்களோடு வருகிறது, ஆற்றின் தென்கரைப் புறநகரான புரோசாருக்கு 2023-லிருந்து ரெம் ஓடுகிறது. ஆனால் இரண்டும் வேறு கட்டண மண்டலம், மாத அட்டைக்குக் கூடுதல் செலவு. பிளாட்டோ அழகு, எழுத்தாளரும் இசைக்காரரும் வாழும் பேட்டை என்று படித்திருப்பீர்கள். வாடகையைப் பார்த்தால் அவர்களும் இப்போது அங்கே இருக்க வாய்ப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் பேகல் என்னும் வளைய ரொட்டி ஒன்று வாங்கித் தின்றுவிட்டு வாருங்கள்.

பள்ளியும் மருத்துவமும்

வீடு தேடும் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது பள்ளி விஷயத்தில். 'மேற்குத் தீவு ஆங்கிலப் பகுதி, அங்கே போனால் பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கலாம்' என்று யாராவது சொல்வார்கள். முகவரிக்கும் பள்ளி மொழிக்கும் சம்பந்தமே இல்லை. 1977-ன் 101-ஆம் சட்டப்படி, குடியேறியவர்களின் பிள்ளைகள் உயர்நிலை முடியும்வரை பிரெஞ்சுவழிப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். அரசு உதவி பெறும் ஆங்கிலப் பள்ளிக்குத் தகுதி வேண்டுமென்றால், பெற்றோரில் ஒருவர் கனடாவில் ஆங்கிலவழியில் தொடக்கக் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நான் கான்வென்ட்டில் படித்தேன் என்று சான்றிதழை நீட்டியவள்தான் நானும். செல்லாது. தற்காலிக வேலை அல்லது படிப்பு அனுமதியில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. 2022-ன் 96-ஆம் சட்டத்துக்குப் பிறகு அதுவும் மூன்று வருடம்தான், நீட்டிப்பு கிடையாது. நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளிலிருந்தே பிரெஞ்சில் போடுங்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு 'அக்கேய்' என்ற வரவேற்பு வகுப்பு இருக்கிறது. என் மகள் அதில் ஒரு வருடம் இருந்தாள். இப்போது என் உச்சரிப்பைத் திருத்துகிறாள்.

அதே 96-ஆம் சட்டப்படி, வந்து ஆறு மாதத்துக்குப் பிறகு மாகாண அரசு அலுவலகங்கள் பொதுவாக உங்களோடு பிரெஞ்சில்தான் தொடர்புகொள்ளும். மருத்துவம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. பார்க் எக்ஸின் மெத்தை இன்று போதாது என்று சொன்னது இதனால்தான். பெரியவர்களுக்கு அரசே இலவச வகுப்பு நடத்துகிறது. இடம் கிடைக்கக் காத்திருக்க நேரலாம் என்பதால் வந்தவுடன் பெயர் கொடுத்துவிடுங்கள்.

மருத்துவத்துக்கு மாகாணக் காப்பீட்டு அட்டை. சூரியன் படம் போட்டதால் 'கார்த் சொலெய்' என்று சொல்வார்கள். தகுதி உள்ளவர்களுக்கும் மூன்று மாதம் வரை காத்திருப்பு உண்டு. அந்த இடைவெளிக்குத் தனியார் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள். இந்தியாவிலிருந்து வரும் மாணவர்களுக்கு இந்த அட்டை கிடையாது, பல்கலைக்கழகக் காப்பீடுதான். குடும்ப மருத்துவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதுவரை 811-ஐ அழைத்தால் செவிலியர் பேசுவார். எங்கே போக வேண்டும், போகத் தேவையே இல்லையா என்று சொல்வார். மானியம் பெறும் குழந்தைக் காப்பகம் நாளுக்கு 10 டாலருக்கும் குறைவு, பட்டியல்தான் நீளம். வயிற்றில் இருக்கும்போதே பதிகிறார்கள் என்பது வேடிக்கைப் பேச்சல்ல.

என் கணக்கு இது. தனியாக வரும் மாணவர் மான்ட்ரியல் பல்கலைக்கழகம் என்றால் கோத்-தெ-நேஜ். கையில் பணம் குறைவு, முதல் வருடம், ஆள் துணை வேண்டும் என்றால் பார்க் எக்ஸ்; ஆனால் நிலவறை வேண்டாம், தரைக்கு மேலே பாருங்கள். பள்ளி வயதுப் பிள்ளையோடு இங்கேயே வேர்விட வருகிற குடும்பத்துக்கு வில்ரே. நோயாளி அல்லது முதியவர் இருந்தால் மறுபடி கோத்-தெ-நேஜ், ஷோஃபே, லிஃப்ட்.

அவசரப்பட்டு ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பிறகு யாருக்காவது கைமாற்றிக்கொள்ளலாம் என்ற பழைய வழி 2024-லிருந்து உறுதியில்லாமல் போய்விட்டது. கைமாற்றத்தை வீட்டுக்காரர் மறுத்து, ஒப்பந்தத்தையே முடித்துவிடலாம். அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் கட்டில், மேஜை எல்லாம் போட்டிருக்கும் ஓர் அறையை உள்வாடகைக்கு எடுங்கள். ஒரு மாத அட்டை வாங்கி நீலத் தடத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வாருங்கள், பன்னிரண்டே நிலையங்கள். வீடு பிடித்திருந்தால் காலை ஏழரைக்குப் போய் அதன் வாசலிலிருந்து மெட்ரோக் கதவுவரை நடந்து பாருங்கள். அந்தக் கதவு நடுவில் சுழல்வது, சுரங்கக் காற்று எதிர்த்துத் தள்ளும், தோளால் முட்டித்தான் திறக்க வேண்டும். கையில் பை, இடுப்பில் பிள்ளை என்று கற்பனை செய்துகொண்டு முட்டுங்கள். கடிகாரம் பத்து நிமிடத்துக்கு மேல் காட்டினால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.